பதில் வரும்வரை காத்திருந்தவர்

இதை எழுத வேண்டும் என்று உட்கார்ந்து, முடியாமல் எழுந்து போனதே எனக்குப் பல வருஷமாகிவிட்டது. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் நான். கோயிலில் படிக்கும் அறிவிப்புக்கு மேல் எழுதிப் பழக்கமில்லை. அது ஒரு தயக்கம். அதைவிடப் பெரிய தயக்கம், இதில் வருகிற பெண் ஒருத்தி இப்போது வேறொரு வீட்டில் விளக்கேற்றி வாழ்கிறாள் என்பது. என் எழுத்தால் அவள் வாசலில் ஒரு துரும்பு விழுந்தாலும் ஆண்டவருக்கு நான் பதில் சொல்ல வேண்டும். பீடத்துக்கு முன்னால் முழங்கால் போட்டுக் கேட்டால் ஒருநாள் எழுது என்று தோன்றும், மறுநாள் வேண்டாம் என்று தோன்றும். இப்போது அவளே சரி என்று சொல்லிவிட்டாள். ஆகவே எழுதுகிறேன். அவள் பெயரை எழுதமாட்டேன். யாரைப் பற்றி எழுதுகிறேனோ அந்த அம்மாவின் பெயரையும் எழுதமாட்டேன். எங்கள் ஊரில் அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதுமில்லை. 'கேள்விக்கார அம்மா' என்றால்தான் எல்லாருக்கும் தெரியும்.

எங்கள் ஊர் பாபநாசத்துக்குப் பக்கம், குடமுருட்டிக் கரையில் இருக்கிறது. கொஞ்சம் சம்பா, தண்ணீர் வந்தால் குறுவை, மாலையில் கோயிலில் செபமாலை முன்சொல்வது, இதுதான் என் பிழைப்பு. அந்த அம்மா எங்கள் மதத்தவர் இல்லை. நன்னிலம் பக்கம் ஒரு காலத்தில் நிலம் நீச்சோடு இருந்து, பிறகு சென்னைக்குப் போய்விட்ட இந்துக் குடும்பத்தில் பிறந்தவர். பெரிய கம்பெனி ஒன்றில் ஆட்களுக்குப் பயிற்சி கொடுக்கும் வேலையில் இருந்திருக்கிறார். அப்பா நினைவு தப்பிப் படுக்கையில் விழுந்ததும், பிறந்த மண்ணுக்குப் பக்கத்தில் இருக்கட்டும் என்று பாபநாசத்தில் வாடகை வீடு பிடித்து அவரை வைத்துப் பார்த்துக்கொண்டார். கல்யாணம் ஆகவில்லை. வயது ஐம்பது தாண்டியிருக்கும். கஞ்சி போட்ட காட்டன் புடவை, தோளில் துணிப்பை, கையில் கறுப்புப் பட்டை வைத்த கடிகாரம். டீயில் சர்க்கரை போடக் கூடாது.

எங்கள் பங்குச்சாமியார் அவரை எங்கே எப்படிச் சந்தித்தார் என்று தெரியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, "வர்ற சனிக்கிழமையிலேருந்து கோயில் ஹால்ல ஒரு லைஃப் கோச் வந்து உக்காருவாங்க. மனசுல என்ன மாட்டிக்கிட்டு நிக்கிதோ, அவங்ககிட்ட வந்து பேசலாம். எந்த மதமா இருந்தாலும் வாங்க" என்றார்.

பின்வரிசையிலிருந்து சவரிமுத்து அண்ணன் எழுந்தார். "என்ன வெளையாட்டுக்குக் கோச்சு ஃபாதர்? கபடிக்கா, வாலிபாலுக்கா?"

"வாழ்க்கைக்குங்க."

"அதுலதான் நாம எப்பவோ அவுட்டாயிட்டமே! இனிமே கோச்சு வந்து என்ன செய்யிறது?"

கோயில் என்றும் பாராமல் எல்லாரும் சிரித்துவிட்டோம்.

முதல் சனிக்கிழமை வந்தவர்களில் பாதிப் பேர், அவர் செபித்துத் தலையில் கை வைப்பார் என்று எண்ணெய்ப் பாட்டிலோடு வந்திருந்தார்கள். மீதிப் பேர் நடக்கப்போவதைச் சொல்வார் என்று வந்தவர்கள். மேலத்தெருவிலிருந்து ஒருவர் பிள்ளையின் ஜாதகத்தை மஞ்சள் பையில் சுருட்டிக்கொண்டு வந்தார்.

"அடுத்த வருஷம் இந்நேரம் உங்க வீடு எப்படி இருக்கணும்னு நினைக்கிறீங்க?" என்று அந்த அம்மா கேட்டார்.

"அதைச் சொல்லத்தானேம்மா கட்டத்தைக் கொண்டாந்திருக்கேன். என்னையே கேட்டா?"

"கட்டம் பாக்க எனக்குத் தெரியாதுங்க. கேக்க மட்டுந்தான் தெரியும்."

அவர் பையைச் சுருட்டிக்கொண்டு கோபமாகப் போனார். அடுத்த சனிக்கிழமை ஜாதகம் இல்லாமல் வந்து உட்கார்ந்தார்.

அந்த அம்மாவிடம் ஒரு வழக்கம் உண்டு. எதிரில் ஆள் வந்து உட்கார்ந்ததும் கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிடுவார். பிறகு ஒரு கேள்வி கேட்பார். கேட்டுவிட்டுச் சும்மா இருப்பார். அந்தச் சும்மா இருப்பதுதான் அவர். நம்மால் முடியாது. ஒருவர் பேச்சில்லாமல் உட்கார்ந்திருந்தால் நாம் உடனே ஒரு ஆறுதலைச் சொல்லுவோம், இல்லாவிட்டால் ஒரு புத்திமதியைச் சொல்லுவோம், அதுவும் இல்லையென்றால் "காப்பி சாப்பிடுறீங்களா" என்றாவது கேட்போம். அவர் கேட்கமாட்டார். பூசையில் நன்மை அப்பம் வாங்கிவிட்டு வந்து உட்கார்ந்தபின் கோயிலில் ஒரு அமைதி இருக்குமே, அப்படி இருப்பார். ஹாலில் மின்விசிறி சத்தம் மட்டும் கேட்கும். பதில் வந்தால், "அப்புறம்?" என்பார். மறுபடியும் காத்திருப்பார். அழுதால் அழவிடுவார், முதுகைத் தடவமாட்டார். எனக்கு ஆரம்பத்தில் அது கல்மனசாகத் தெரிந்தது.

சவரிமுத்து அண்ணன் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற பிறகும் விடிந்தால் காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விடுவார். புதுக் கண்டக்டர்களிடம், "ஏய், படியில நிக்கிறவனை உள்ள ஏத்துடா, விசில் ஊதத் தெரியுதா உனக்கு?" என்று சண்டை பிடிப்பார். வீட்டில் அண்ணி தலையில் அடித்துக்கொள்வார். விளையாட்டாக ஒரு சனிக்கிழமை ஹாலுக்குள் போனவர், வெகுநேரம் கழித்து வெளியே வந்தார்.

"என்னண்ணே சொன்னாங்க?" என்று கேட்டேன்.

"எங்க சொன்னாங்க? 'பஸ்ஸு வேலையில உங்களுக்கு எது புடிச்சிருந்துச்சு'ன்னு கேட்டாங்க. டிக்கெட்டுன்னேன், விசிலுன்னேன். அப்புறம்னாங்க. சில்லறைன்னேன். அப்புறம்னாங்க. கடைசியில, 'வயசானதுங்களைக் கையப் புடிச்சு ஏத்தி எறக்குவேன், அதுதான்'னு என் வாயே சொல்லிருச்சுப்பா. எனக்கே தெரியாது அது."

பிள்ளைகள் வெளியூரில் இருக்கிற கிழவன் கிழவிகளைத் தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்கும் வேளாங்கண்ணிக்கும் கூட்டிக்கொண்டு போய்வருவதுதான் அதன்பிறகு அவருக்கு வேலை. காக்கிச் சட்டை, வயலில் குருவி விரட்டும் பொம்மைக்குப் போனது. "என் வாயாலயே சொல்ல வச்சு, என் காலாலயே நடக்க வச்சுட்டு, பேரை மட்டும் அந்தம்மா வாங்கிக்கிது" என்று டீக்கடையில் கிண்டல் செய்வார். ஆனால் அந்த அம்மா வரும் சனிக்கிழமைகளில் ஹாலைக் கூட்டி நாற்காலி போட்டு வைப்பதும் அண்ணன்தான்.

எல்லாருக்கும் இப்படி நடந்ததென்று சொல்லமாட்டேன். குடிக்கிற புருஷனைத் திருத்தித் தரவேண்டும் என்று ஒரு பெண் வந்தாள். "அவர் வந்தா அவர்கிட்டப் பேசலாம். இப்ப நீங்க வந்திருக்கீங்க. உங்களுக்கு என்ன வேணும்?" என்று அந்த அம்மா கேட்டார். "எனக்கு என்ன வேணும்னா? அடி வாங்காம தூங்கணும்! இதுகூடத் தெரியாம நீ என்ன கோச்சு?" என்று அந்தப் பெண் சேலைத் தலைப்பை உதறிக்கொண்டு போய்விட்டாள். அந்த அம்மா பின்னாலேயே தெருமுனை வரை போனார். சாமியாரிடம் சொல்லி அவளை அவள் அண்ணன் வீட்டில் கொண்டுபோய் விட ஏற்பாடு செய்தார். திரும்பி வந்து படியில் உட்கார்ந்து, "இன்னைக்கு நான் தப்பாக் கேட்டுட்டேங்க. அடி வாங்கிட்டு வந்தவங்ககிட்ட அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கக் கூடாது" என்றார். வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

இனி எங்கள் வீட்டுக்கு வருகிறேன். எழுதக் கை வராத இடம் இதுதான்.

எங்களுக்கு ஒரே பிள்ளை, அருள். அறுவடை மெஷின் ஓட்டுவான். கல்யாணமாகி வருஷம் முடியவில்லை. கும்பகோணத்திலிருந்து வண்டியில் திரும்பும்போது, பொழுது சாயும் நேரத்தில், விளக்கில்லாமல் ரோட்டோரம் நிறுத்தியிருந்த டிராக்டர் டிரெய்லரில் மோதிவிட்டான். ஆண்டவர் கொடுத்தார், எடுத்துக்கொண்டார் என்று மற்றவர்களுக்குச் சொல்லிப் பழகிய வாய் எனக்கு. அன்று அந்த வாய் திறக்கவில்லை.

அடக்கம் முடிந்து வந்ததும் வீட்டுப் பெண்கள் கூடித் தாலியைக் கழற்றுகிற வழக்கம் எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களிலும் உண்டு. என் மனைவி சகாயம் அறைவாசலில் குறுக்கே நின்றுவிட்டாள். "யாரும் அவ கழுத்துல கை வைக்கக் கூடாது. என் புள்ளை கட்டினது. அது அங்கயே இருக்கட்டும்" என்றாள். பெரியவர்கள் முணுமுணுத்தார்கள். இவள் அசையவில்லை. மருமகள் ஓடிவந்து இவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். சாமியார் அடுத்த ஞாயிறு பிரசங்கத்திலேயே இதைச் சொன்னார். இப்படி ஒரு மாமியார் உண்டா என்று ஊரே பேசியது. எனக்கும் பெருமையாக இருந்தது. இரக்கத்தால் செய்த காரியம், அதில் யார் குற்றம் காண முடியும்?

மாதங்கள் போயின. சடங்கு செய்திருந்தால் அது ஒரு கொடுமையாகவாவது முடிந்திருக்கும். எங்கள் வீட்டில் எதுவும் முடியவில்லை. மருமகள் அருளின் பெண்டாட்டியாகவே இருந்தாள். கல்யாணத்துக்கு முன் லேப் டெக்னீஷியனாக வேலை பார்த்தவள், வீட்டுப்படி தாண்டவில்லை. அவள் அப்பா ஊரிலிருந்து வந்து மறுகல்யாணப் பேச்சை எடுத்தால், சகாயம் ஒன்றும் சொல்லமாட்டாள், அடுப்படியில் போய் நின்று அழுவாள். அதைப் பார்த்துவிட்டு மருமகள், "எனக்கு வேணாம்பா" என்று சொல்லி அனுப்பிவிடுவாள். நாளாக ஆக அவள் சாப்பிடுவது குறைந்தது. பேச்சும் நின்றது. பாத்திரம் தேய்த்தால் தேய்த்துக்கொண்டே இருப்பாள்.

அந்த அம்மாவிடம் அவளைக் கூட்டிக்கொண்டு போனது சகாயம்தான். "இவளைப் பழையபடி சிரிக்க வச்சுக் குடுங்கம்மா, போதும்" என்றாள்.

அந்த அம்மா மருமகளைச் சற்றுநேரம் பார்த்தார். "நான் டாக்டர் இல்லைங்க. சாப்பாடும் தூக்கமும் இப்படி இருந்தா முதல்ல மனநல டாக்டரைப் பாக்கணும். நானும் கூட வரேன்" என்றார். சொன்னபடியே தஞ்சாவூருக்கு எங்களோடு பஸ்ஸில் வந்தார். மாத்திரை சாப்பிட்டு, கொஞ்சம் தூங்கி, முகம் தெளிந்த பிறகுதான் எதிரில் உட்கார வைத்தார்.

"இந்த வாரம் உங்களுக்காக மட்டும் ஒண்ணே ஒண்ணு செய்யணும்னா, என்ன செய்வீங்க?"

அன்றைக்கு அவர் எவ்வளவு நேரம் காத்திருந்தார் என்று எனக்குத் தெரியாது. வெளியே நின்ற எனக்கே கால் வலித்தது. கடைசியில் மருமகள் குரல் கேட்டது: "தலைக்கு எண்ணெய் வைக்கணும்."

"என்னைக்கு?"

"நாளைக்குக் காலையில."

அவ்வளவுதான். அடுத்த வாரம் மதகு வரைக்கும் தனியாக நடந்து போய்வந்தாள். அதற்கடுத்து, பெட்டியைத் திறந்து சர்டிபிகேட்டுகளை எடுத்து வெயிலில் காய வைத்தாள். திருச்சியில் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் சிநேகிதிக்கு போன் செய்தாள். ஒவ்வொன்றும் அவளே சொன்னது, அவளே செய்தது. வீட்டில் ஒருநாள் எதற்கோ லேசாகச் சிரித்தாள். சகாயம் உடனே பீடத்தில் மெழுகுவத்தி ஏற்றினாள். அந்தச் சிரிப்பு எந்தப் பக்கம் போகிறது என்று அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

பிறகு ஒரு சனிக்கிழமை மருமகள், "அத்தையும் மாமாவும் இன்னைக்கு என்கூட உக்காரணும்" என்றாள். உட்கார்ந்தோம். திருச்சியில் வேலை இருக்கிறதாம், ஹாஸ்டலில் தங்க வேண்டுமாம். சொல்லிவிட்டு, "ஆனா போக முடியாது" என்றாள். அவள் கை கழுத்துச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"கையில என்ன பிடிச்சிருக்கீங்க?" என்று கேட்டார் அந்த அம்மா.

"தாலி."

"அது யாருக்காக இருக்கு?"

மின்விசிறி சுற்றியது. எங்கோ வயலில் மெஷின் ஓடுகிற சத்தம். சகாயம் என் முகத்தைப் பார்த்தாள். இதென்ன கேள்வி, அருளுக்காகத்தான் என்று அவளே சொல்லிவிடுவாள் போல இருந்தது. அந்த அம்மா அவள் பக்கம் திரும்பி, கொஞ்சம் பொறுங்கள் என்பதுபோலக் கையைக் காட்டினார்.

"அத்தைக்காக" என்றாள் மருமகள்.

சகாயம் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். "எனக்காகவா? அடி கண்ணு, உன்னைக் கேவலப்படுத்தக் கூடாதுன்னுதானேடி நான் குறுக்க நின்னேன்?"

"தெரியும் அத்தை. அதனாலதான் கழட்ட முடியல."

சகாயம் எழுந்து நடந்தாள். நேராக வீட்டுக்குப் போய்விட்டாள்.

அடுத்த சனிக்கிழமை அவள் வர மறுத்துவிட்டாள். அந்த அம்மா பஸ் இறங்கி, வரப்போரமாகவே நடந்து எங்கள் வீட்டுக்கு வந்தார். காலெல்லாம் சேறு.

"கழட்டிவிடச் சொல்றீங்களா?" என்று எடுத்த எடுப்பில் கேட்டாள் சகாயம்.

"நான் சொல்லலைங்க."

"அப்ப இருக்கட்டுங்கிறீங்களா?"

"அதுவும் சொல்லலை."

"ரெண்டும் சொல்லலேன்னா சேத்துல நடந்து எதுக்கு வந்தீங்க? எங்க வீட்டு எருமைக்குக்கூட ஒரு திசை உண்டும்மா."

அந்த அம்மா சிரித்துவிட்டார். பிறகு கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போட்டார். "அவங்க போயிட்டா, நாளைக்குக் காலையில இந்த வீட்டுல என்னென்ன இருக்காது, சகாயம்மா?"

இவள் முதலில் வேண்டுமென்றே வாயை மூடிக்கொண்டிருந்தாள். அவருக்கென்ன, காத்திருந்தார். கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. வாசல் தெளிக்கிற சத்தம் இருக்காது. காலை செபத்துக்கு இரண்டாவது குரல் இருக்காது. அவர் "அப்புறம்?" என்றார். அருளின் சட்டையை மடித்து வைக்கிற கை இருக்காது. "அப்புறம்?"

"என் புள்ளை பேரை வாய் நெறையச் சொல்ல இன்னொரு ஆளு இருக்காது. இவருகிட்டச் சொன்னா எழுந்து கொல்லைப்பக்கம் போயிடுவாரு."

அது உண்மை. நான் அப்போதும் கொல்லைக் கதவருகில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

"அவங்க ரொம்பத் தூரம் போயிடலாம். பாக்கக்கூட முடியாமப் போகலாம். அப்படின்னா?" என்று கேட்டார். குரல் மிகவும் மெதுவாக இருந்தது.

பொழுது இறங்கும் வரைக்கும் இருவரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். நான்தான் டீ போட்டுக் கொடுத்தேன். ஞாபகமாகச் சர்க்கரை போடாமல் கொடுத்தேன்.

ஈஸ்டருக்கு முந்திய தவக்காலம் பிறந்தது. ஒரு காலை செபம் முடிந்து பிதா சுதன் சொல்லிச் சிலுவை போட்ட கையோடு, "இங்க வா கண்ணு, எதுத்தாப்புல உக்காரு" என்று மருமகளைக் கூப்பிட்டாள் சகாயம். தாலிச் சங்கிலியில் கை வைத்தாள். சங்கிலிக் கொக்கி இறுகிக் கிடந்தது. இவளுக்குக் கண் சரியாகத் தெரியாது. மருமகள் குனிந்து கூந்தலை ஒதுக்கிக் காட்டினாள். கழற்றி முடித்ததும், "அத்தை, நீங்களே வச்சுக்குங்க" என்றாள்.

"எனக்கு வேணாம். இருந்தா தினம் எடுத்துப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பேன். இது உன்னுது. என்ன செய்யணுமோ நீ சொல்லு."

மருமகள் யோசித்து, வேளாங்கண்ணி மாதா உண்டியலில் போடலாம் என்றாள். மூன்று பேரும் போனோம். இரண்டு பேரும் சேர்த்துப் பிடித்துத்தான் போட்டார்கள். கடற்கரைப் பக்கம் போகலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்றுவிட்டார்கள்.

அவள் திருச்சிக்குப் போனாள். வேலை பிடித்திருந்தது. வாரம் ஒருமுறை பேசுவாள். இரண்டு கிறிஸ்மஸ் கழித்து அவள் அப்பா வந்தார். நல்ல இடம் அமைந்திருக்கிறது என்று சொல்லிவிட்டு, தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டார். "மாப்பிள்ளை வீட்டுல, பழைய வீட்டு ஆளுங்க வந்துபோக இல்லாம இருந்தா நல்லதுன்னு நினைக்கிறாங்க. நான் எப்படிச் சொல்றதுன்னு தெரியல..."

"இதுல சொல்றதுக்கு என்ன இருக்கு?" என்றாள் சகாயம். உள்ளே போய், அருள் கல்யாணத்துக்குத் தனக்கு எடுத்து, கட்டாமலே வைத்திருந்த பட்டுப்புடவையைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள். "நான் குடுத்தேன்னு அவகிட்ட மட்டும் சொல்லுங்க." கல்யாணத்துக்கு நாங்கள் போகவில்லை. அதன்பிறகு போனும் வரவில்லை.

ஊர் சும்மா இருக்குமா? 'கேள்வி கேட்டே குடும்பத்தைப் பிரிச்சுட்டா' என்றார்கள். தாலியைக் கழற்ற வைத்துவிட்டாள் என்றார்கள். வேற்று மதத்துப் பொம்பளைக்குக் கோயில் ஹாலில் என்ன வேலை என்று பங்குப் பேரவையில் ஒருவர் கத்தினார். சவரிமுத்து அண்ணன், "அந்தம்மா எதையும் செய்யச் சொன்னதே இல்லையேடா, கேட்டதுக்கு நீங்கதானே பதில் சொன்னீங்க!" என்று மேசையைத் தட்டினார். எடுபடவில்லை. புதிதாக வந்திருந்த சாமியாருக்குச் சங்கடம். அந்த அம்மா தாமாகவே சனிக்கிழமைகளை நிறுத்திக்கொண்டார்.

அதே சமயத்தில் அவர் அப்பாவும் போய்ச் சேர்ந்தார். வீட்டைக் காலி செய்துவிட்டுச் சென்னைக்குப் புறப்படுமுன் எங்களிடம் சொல்லிக்கொள்ள வந்தார்.

சகாயம் அவர் முகத்துக்கு நேராகவே கேட்டாள். "நீங்க இந்த ஊருக்கு வராம இருந்திருந்தா, அவ எங்கூடவே இருந்திருப்பா. இல்லையா?"

"ஆமாங்க" என்றார்.

ஒரு சமாதானம் சொல்வார் என்று நினைத்தேன். சொல்லவில்லை. நல்லதற்குத்தானே என்றுகூடச் சொல்லவில்லை. சகாயம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "வாடிப்போயிருப்பா" என்றாள். எழுந்து சோறு போட்டாள். வாழைப்பூப் பொரியலும் மோர்க்குழம்பும். அந்த அம்மா கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

கை கழுவும்போது சகாயம் கேட்டாள்: "எல்லாரையும் நீங்க கேக்குறீங்க. உங்களை யாரும்மா கேப்பாங்க?"

அந்த அம்மா நின்றுவிட்டார். இவ்வளவு பேரின் வாயிலிருந்து வார்த்தையை வரவழைத்தவருக்குத் தன்னைப் பற்றி ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. சகாயம் காத்திருந்துதான் பார்த்தாள். கும்பகோணம் பஸ் ஹாரன் அடித்தது. பையை எடுத்துக்கொண்டு, "வரேங்க" என்று சொல்லிப் போய்விட்டார்.

போன வருஷம், சம்பா நாற்று பிடுங்கிக்கொண்டிருந்த ஒரு காலை, தெரியாத எண்ணிலிருந்து எனக்கு போன் வந்தது. "மாமா" என்றது குரல். எங்கள் மருமகள்தான். அந்த அம்மா இறந்துவிட்டாராம். சென்னையில், கொஞ்ச நாள் காய்ச்சலில். இத்தனை காலமும் மருமகள் அவரோடு பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். கடைசி நாட்களில் போய்ப் பக்கத்தில் இருந்திருக்கிறாள். "அவங்களைப் பத்தி எழுதணும்னு அப்ப சொல்வீங்களே மாமா. எழுதுங்க. எங்க வீட்டுக்காரருக்கு எல்லாம் சொல்லிட்டேன். பேரு மட்டும் வேண்டாம்" என்றாள்.

சேற்றுக் கையோடு ஓடிவந்து போனைச் சகாயத்திடம் கொடுத்தேன். இரண்டு பேரும் முதலில் அழுதார்கள். பிறகு பேசினார்கள். அருளைப் பற்றி, அந்த அம்மாவைப் பற்றி, கொல்லையில் எலுமிச்சை காய்த்தது பற்றி. சகாயத்தின் முகத்தில் நான் வெகுகாலமாகப் பார்க்காத ஒரு வெளிச்சம். இன்னும் ஒரு மணி நேரம் பேசினாலும் அவளுக்குப் போதாது என்று எனக்குத் தெரியும். அப்போது போனில் ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. எனக்கே கேட்டது.

"யாரு அழுவுறது?"

"என் பொண்ணு அத்தை. தூங்கி எழுந்துட்டா. அழுதா பரவாயில்லை, நீங்க சொல்லுங்க."

"பரவாயில்லையாவது! போ, போய்த் தூக்கு" என்று சொல்லிவிட்டு, சகாயம் தானே போனை அணைத்து என் கையில் கொடுத்தாள்.

படிக்கிறவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இதை யாருக்காவது சொல்லத் தோன்றினால், சொல்லுங்கள். வாழ்க்கையில் ஒரே இடத்தில் நின்றுபோனவர்கள் உங்கள் தெருவிலும் இருப்பார்கள். ஆனால் இருந்தபடியே சொல்லுங்கள். எங்கள் ஊரில் பாதிப் பேர் அந்த அம்மா ஒரு வீட்டைக் கெடுத்தார் என்கிறார்கள், மீதிப் பேர் அவர் அற்புதம் செய்தார் என்கிறார்கள். இரண்டையும் சேர்க்காதீர்கள். அவர் கேட்டார், காத்திருந்தார், அவ்வளவுதான். ஒரு பெண் பிழைத்துக்கொண்டாள். எங்கள் வீடு காலியாகத்தான் இருக்கிறது. கேட்பவர் மனசு கஷ்டப்படும் என்று அந்தக் கடைசி வரியை மட்டும் விட்டுவிடாதீர்கள்.